கடப்பாரையோடு வந்தவர்

ஊறிய களிமண் வாசனை. எந்த ஊரில், எந்த மழையில் அது மூக்கில் பட்டாலும் சரி, நான் பழவேற்காட்டில் முழங்கால் தண்ணீரில் நிற்கிறேன். அறுபதுகளின் கடைசி, ஓர் ஐப்பசி அமாவாசை.

அரசாங்க வேலையில் மாற்றலாகி, மனைவியையும் ஆறு மாதக் குழந்தையையும் கூட்டிக்கொண்டு போய் மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. ஏரிக்கரைத் தெருவில் மண்சுவர் வைத்த ஓட்டு வீடு. பக்கத்து வீட்டு மீனவரை எனக்குக் கட்டோடு பிடிக்கவில்லை. என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஆனால் நான் வேலைக்குப் போனதும் எங்கள் கொல்லையில் வந்து சுவரைத் தட்டிப் பார்ப்பாராம். பின்கதவுக்குத் தாழ்ப்பாள் எந்தப் பக்கம் என்று என் மனைவியிடமே கேட்டாராம். இதற்குமேல் என்ன வேண்டும்? அன்றைக்கே தாழ்ப்பாளில் ஒரு பூட்டையும் மாட்டினேன்.

அமாவாசையன்று காலையில் வாடைக்காற்று முகத்துவாரத்தில் கடலை நெட்டித் தள்ள, ஏரி தெருவுக்கு வந்துவிட்டது. அலையில்லை, இரைச்சலில்லை, யாரோ பாய் விரிப்பதுபோல வந்தது. வருஷா வருஷம் வருகிற தண்ணீராம். தெருவில் எல்லாரும் முன்கதவையும் பின்கதவையும் விரியத் திறந்து போட்டுவிட்டுச் சாமான்களைப் பரணில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பைத்தியக்காரர்கள் என்று நினைத்தேன். கோணிப்பைகளில் மண்ணை நிரப்பி என் வீட்டு வாசல் இரண்டையும் அடைத்தேன். வெளியே தண்ணீர் ஏற ஏற, உள்ளே தரை காய்ந்தே கிடந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. சுவரோரக் கட்டிலில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

திடீரென்று கொல்லைப்பக்கம் மடார் மடாரென்று இடி. கதவு பிளந்து கடப்பாரை முனை எட்டிப் பார்த்தது. பின்னாலேயே அந்த ஆள்! இத்தனை நாள் நோட்டம் பார்த்தது இதற்குத்தானா? குடையை எடுத்து அவர் தோளில் ஓங்கி ஒரு போடு போட்டேன்.

"அடிக்கறத அப்பால அடி சார்! முன்கதவத் தொற மொதல்ல! தண்ணி உள்ள வந்தா தொடச்சிக்கலாம். செவுரு உள்ள வந்தா இன்னா பண்ணுவ?"

திரும்பிப் பார்த்தேன். கட்டிலுக்குப் பின்னால் சுவர் வயிறு தள்ளிக்கொண்டு நின்றது. அடியில் சேறு கசிந்தது. மனைவி குழந்தையை வாரிக்கொண்டு ஓடினாள். நான் கோணிகளை உதைத்துத் தள்ளினேன். தண்ணீர் வீட்டுக்குள் புகுந்தது. உள்ளும் வெளியும் ஒரே மட்டமானதும், சுவரை நெட்ட எதுவும் இல்லை. சுவர் விழாமல் நின்றுவிட்டது.

சாயங்காலம் தண்ணீர் வடிந்ததும் கடப்பாரையை எடுத்துப்போக வந்தார். அவரைத் திருடன் என்று நினைத்ததைத் தலைகுனிந்து சொன்னேன். அவர் சொன்ன பதில், யார்மேலாவது சந்தேகம் வரும்போதெல்லாம் இன்றும் என்னைப் பிடித்து நிறுத்துகிறது. கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு, போகிற போக்கில் சிரித்தார்.

"நான் மட்டும் இன்னா சார்? சாராயம் புடிக்க வந்த சி.ஐ.டி.ன்னு நெனச்சிக்கினு உன்னாண்ட பேச்சே வெச்சிக்கல. அதுக்குன்னு? உள்ள கொயந்த கீதே!"