லிட்டருக்கு எவ்வளவு?

வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்து எழுதும் வேலையில் அவருக்கு இருபத்தேழு வருடம். அலுவலகத்தில் லிட்டர்காரர் என்றால்தான் தெரியும். கேட்டுக்கு அடியில் குப்புறப் படுத்தாவது எண்ணைப் பார்த்துவிடுவார்; பார்க்காமல் குத்துமதிப்பாக எழுதும் பழக்கம் மட்டும் கிடையாது. நாய் இரண்டு முறை கடித்திருக்கிறது. இரண்டு முறையும் எண்ணை எழுதி முடித்த பிறகுதான் மனிதர் ஊசி போட்டுக்கொள்ளப் போனார்.

இப்படிப்பட்டவர் பழைய கார் வாங்கக் கிளம்பினால், தரகர் உயிரோடு இருப்பதே பெரிய விஷயம்.

காருக்குக் காரணம் மனைவியின் இடுப்பு. எட்டு மாதமாக அந்த அம்மாளால் ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போலத் தூங்க முடியவில்லை. வாரம் இரண்டு நாள் வைத்தியம். அங்கே நிமிர்கிற இடுப்பு, ஸ்கூட்டரில் வீடு திரும்புவதற்குள் பழையபடி ஆகிவிடும். இப்படிக் குலுங்கிக்கொண்டே போனால் வைத்தியம் எதற்கு என்று டாக்டர் கடிந்துகொண்ட அன்றுதான் லிட்டர்காரர் அசைந்தார். அசைந்தவர் நேராக மைலேஜில் போய் நின்றார். சீட்டு, ஸ்பிரிங், ஏசி என்று தரகர் எதை ஆரம்பித்தாலும், அது இருக்கட்டும், லிட்டருக்கு எவ்வளவு என்பார்.

தரகர் சொல்லும் எண்ணை அவர் நம்புவாரா? விற்கிற காரின் டேங்கில் சொட்டுதான் இருக்கும். அந்தச் சொட்டையும் இறக்கிவிட்டு, ஒரே ஒரு லிட்டரை அளந்து ஊற்றி, வண்டி தானாக நிற்கும்வரை ஓட்டுவது அவர் முறை. திரும்பி வர இன்னொரு லிட்டர் பின்னால் டப்பாவில் இருக்கும். எடை சரியாக இருக்க வேண்டுமாம், மனைவியையும் பக்கத்தில் ஏற்றிக்கொண்டார்.

முதல் கார் சின்னது. இருபத்தொரு கிலோமீட்டர் ஓடிற்று. மனிதருக்கு வாயெல்லாம் பல். அம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினாள்.

"ரோட்ல அடிச்ச வெள்ளைக் கோடுகூட இடுப்புல தெரியுதுங்க."

"பழகிடும்மா."

சொன்ன வாய்க்கு அங்கேயே ஏதாவது கிடைத்திருக்க வேண்டும். அம்மாள் பொறுமைசாலி.

இரண்டாவது, நீளமான பழைய கார். பெட்ரோலைக் குடிக்கும் என்று பார்த்தாலே தெரிந்தது. வாங்குவது நேற்றைய சின்னதைத்தான் என்று மனதுக்குள் முடிவாகிவிட்டது. ஆனாலும் பார்க்காமல் எப்படி எழுதுவது? மறுநாள் காலை அதிலும் ஒரு லிட்டரை ஊற்றிக் கிளம்பினார். ஆறாவது கிலோமீட்டரில் மனைவியிடம் ஏதோ கேட்டார். பதில் இல்லை. நேற்றைய கோபமாக்கும் என்று பேசாமல் ஓட்டினார். பதினொன்றாவது கிலோமீட்டரில் வண்டி இருமிவிட்டு ஒரு மரத்தடியில் நின்றது. பார்த்தாயா, பதினொன்றுதான் என்று சொல்லத் திரும்பினார்.

அம்மாள் வாய் லேசாகத் திறந்திருக்க, தலை சாய்ந்து அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். எட்டு மாதமாக நெற்றியில் இருந்த சுருக்கத்தைக் காணோம். பழகிடும் என்று சொன்னது நினைவுக்கு வந்து அவருக்கு வெட்கமாக இருந்தது.

டப்பாவை எடுக்கக் கதவைத் திறந்தால் சத்தம் கேட்கும். அப்படியே உட்கார்ந்திருந்தார். கால் மரத்தது. மூக்கில் வந்து உட்கார்ந்த ஈயைக்கூட விரட்டவில்லை. ஒரு மணி நேரம் தாண்டிய பிறகு சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. தரகர்.

"என்ன சார், வண்டி எங்க நிக்குது? எவ்வளவு ஓடிச்சு?"

லிட்டர்காரர் மனைவியைப் பார்த்தார்.

"இன்னும் நிக்கல," என்று கிசுகிசுத்தார். "ஓடிக்கிட்டே இருக்கு. இதையே எனக்கு வச்சிடுங்க."