மறைக்கிற முதுகு

முதுகு வளைந்தால் உடனே அதிர்ந்து கண்டிக்கும் பெல்ட் ஒன்றை மகள் வாங்கித் தந்திருக்கிறாள். காலையிலிருந்து கணினி முன்னால் அது என்னைப் படுத்தும் பாட்டில், பரளச்சியில் இப்போது தண்ணீர்த் தொட்டி நிற்கிற இடத்தில் முன்பு இருந்த பஞ்சாயத்து டிவி கூடம்தான் ஞாபகத்துக்கு வருகிறது. டிவியைப் பூட்டிவைத்த இரும்புக் கதவு திறந்ததும் வரும் துருவாடை, பகல் வெயிலை இன்னும் விடாத சிமெண்ட் தரை, திரையில் பாதி புள்ளியும் பாதி படமும், இவற்றுக்கு நடுவே வயதுக்கு மீறி வளர்ந்துவிட்ட நான். நிமிர்ந்து உட்கார்ந்தால் முதுகில் கடலைத் தொலி வந்து விழும்; அதற்கும் மசியாவிட்டால் கடைசி வரிசைக்குத் தள்ளுவார்கள், அங்கே தூண் மட்டும்தான் தெரியும்.

"ஏலே கொக்கு, தலைய மடக்குலே!" என்று கூட்டாளிகள் கத்துவார்கள்.

"ஒன் முதுகுலயாப்பா படம் ஓடுது?" என்பாள் சின்னம்மா.

படம் பார்க்கிற ஆசையில், முழங்காலில் மோவாயை வைத்தபடியே வளர்ந்தேன்.

பிறகு வீட்டுக்கு வீடு டிவி வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் நானும் சாவி வைத்திருந்த மாமாவும் மட்டும்தான்.

"பின்னால ஒருத்தரும் இல்லயேப்பா, நல்லா நிமிந்து உக்காரு" என்றார் அவர்.

இத்தனை வருடம் கழித்துக் கிடைத்த அனுமதி எரிச்சலைக் கிளப்பினாலும், நிமிர்ந்தேன். விளம்பரம் முடிவதற்குள் இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, வெறும் தரைக்கு மறைக்க வேண்டாமென்று மறுபடி குனிந்துகொண்டேன்.