தங்கச்சி வாங்கின வீடு

என் தங்கச்சி வெள்ளவத்தையில் ஃப்ளாட் வாங்கினாள். பல்கலைக்கழகம் போக எழுதும் ஏ.எல். பரீட்சையில் இரண்டு தடவை கோட்டை விட்டவள். நான் கெம்பஸ் முடித்தவள், அரசாங்க உத்தியோகம். என் சம்பளம் மாதம் முடியுமுன்பே தீர்ந்துவிடும். அவளோ கல்யாணப் பெண்களுக்கு மேக்கப் போட்டு, சேலை கட்டிவிட்டே வீட்டுக்காரி ஆகிவிட்டாள். கேட்டவர்களிடமெல்லாம் எனக்குச் சந்தோஷம் என்று சொன்னேன். பொய். வயிறு எரிந்தது.

அதுவரை அம்மாவும் நாங்கள் இருவரும் கொட்டாஞ்சேனையில் வாடகைக்கு இருந்தோம். நானும் அவர்களோடு வெள்ளவத்தைக்கு வருவேன் என்பதில் அம்மாவுக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் தங்கச்சி வீட்டில் போய் ஒண்டிக்கொள்வதா? வத்தளையில் ஒரு வீட்டோடு ஒட்டிக் கட்டிய அனெக்ஸ் ஒன்றை வாடகைக்குப் பார்த்து வைத்தேன். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர்தான் தெரியும். அதற்கே ஒரு வருட வாடகையை முற்பணமாகக் கேட்டார்கள். நகையை அடகு வைத்தாவது போய்விடுவது என்று முடிவு செய்திருந்தேன். பால் காய்ச்சி முடிந்ததும் சொல்வதாக இருந்தேன்.

பால் காய்ச்சிய அன்றைக்கு வந்தவர்களுக்கு அம்மா எங்களை அறிமுகப்படுத்தினார். முன்பெல்லாம் "மூத்தவள் கெம்பஸ்" என்றுதான் தொடங்குவார், சின்னவளைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். இப்போது, "இவள்தான் வீடு வாங்கினவள். மற்றவள் கவர்மெண்ட்ல வேலை செய்யிறாள்" என்றார். மற்றவளாம்! சிரித்துக்கொண்டே நின்றேன்.

மூத்தவள் என்பதால் பால் சட்டியை அடுப்பில் வைக்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். பளபளக்கும் அந்தப் புதுப் பாண்ட்ரி சமையலறையில் நின்றபோது, இந்தப் பால் திரிந்துபோனால் என்ன என்று ஒரு கேடுகெட்ட நினைப்பு வந்தது. அது அழகாகப் பொங்கி வழிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

தங்கச்சி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், இருந்த இரண்டு அறைகளில் பெரிய அறையைத் திறந்தாள். உள்ளே ஒரு மேசையும் புத்தக அலுமாரியும் இருந்தன. ஜன்னலில் கொஞ்சம் கடல் தெரிந்தது.

"அக்கா, இது உங்கட அறை. நீங்க வாசிக்கிற ஆள், மேசை வேணும்தானே. நானும் அம்மாவும் மற்ற அறையில படுப்பம்."

பெருமையடித்துக்கொள்கிறாளா என்று அவள் முகத்தை உற்றுப் பார்த்தேன். எனக்குப் பிடிக்காமல் போய்விடுமோ என்ற பயம்தான் அதில் இருந்தது.

"பிடிச்சிருக்கோ அக்கா?"

"ஓம்" என்றேன்.

அவளிடம் கொஞ்சம் திமிராவது இருந்திருந்தால் அந்த அனெக்ஸுக்கே போயிருப்பேன்.