ரதியின் நெற்றிக்கு ரெண்டு ஊசி

பதுளைப் பக்கத்து ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டம், மேல்பிரிவு பெரியாயியின் மூத்த மகன் வீரசிங்கம். மீசை முளைத்த வயசிலிருந்து மன்மதனை எரிக்கிற மாசி மாசக் காமன் கூத்தில் ரதி வேஷம் அவருக்குத்தான். காப்புக் கட்டினால் மீசை போய்விடும், கறி போய்விடும். சேலை கட்டி நடந்து வந்தால் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் பொம்பளைகளே அவர் கொசுவத்தை எட்டிப் பார்ப்பார்கள்.

எண்பத்திரண்டாம் வருசம் தைப்பொங்கலன்று இடி விழுந்தது. போட்டவர் தாய்மாமன் அழகையா. கூத்து மாஸ்டரும் அவர்தான், பெண் கொடுத்த மாமனாரும் அவர்தான்.

"மாப்ள, போன மாசி பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்துல பார்த்தேன். நெத்தியில அரிதாரம் வெடிச்சுக் காஞ்ச குளம் மாதிரி கிடந்துச்சு. இந்தத் தடவை ரதி, நம்ம செல்லமுத்து கட்டட்டும்."

செல்லமுத்து அழகையாவின் கடைசி மகன். கன்னம் பளபளவென்று இருக்கும். வீரசிங்கம் பொங்கல் இலையைப் பாதியில் மடித்துவிட்டு எழுந்தார்.

கொழும்பில் ஒரு டொக்டரம்மா வீட்டில் சமைக்கும் தங்கச்சி வேலாயி பண்டிகைக்கு வந்திருந்தாள். "சுருக்கத்துக்கு இப்ப ஊசி வந்திருக்கு அண்ணே! எங்க டொக்டரம்மா போடுறாங்க. நான் சொன்னா உனக்கும் போடுவாங்க. வா!" என்றாள்.

அவ்வளவுதான். பதுளை ரயிலில் கொழும்பு போகும்வரை வீரசிங்கம் ஜன்னல் கண்ணாடியில் தன் நெற்றியையே நீவிக்கொண்டு வந்தார்.

யாழ்ப்பாணத்துக்காரரான டொக்டரம்மா அவர் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரெண்டு மருந்து இருக்கு. ஒண்டு கொலாஜன். முதல்ல கையில கொஞ்சம் குத்தி ஒரு மாதம் பாக்கோணும். பிறகு நெத்தியில போட்டா சில மாதம் நிக்கும், கரைஞ்சிடும்."

"எதுல செய்யுறாங்கம்மா?"

"மாட்டின்ர தோலில."

வீரசிங்கம் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். "காப்புக் கட்டுனா கறிச்சட்டிப் பக்கமே போகக்கூடாது. மாட்டை நெத்தியில வச்சுக்கிட்டு மன்மதனுக்கு எப்படி மாலை போடுவேன்?"

"வாயால திங்கத்தானே கூடாது!" என்று வேலாயி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"மத்தது சிலிக்கோன். அதில மாடு இல்லை, கரையவும் கரையாது. ஆனா பிறகு கட்டி தட்டலாம், இடம் மாறலாம். எடுக்கிறது பெரிய கஷ்டம். அதை நான் உமக்குப் போடமாட்டன். வேற இடத்தில கேட்டுப் போடுற ஆக்கள் இருக்கினம்."

கரையாத ஊசி! வீரசிங்கம் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். சாகும்வரை ரதி. கண்ணாடியை வாங்கி, ஊசி போட்ட முகத்தோடு ஆடுவதாக நினைத்து ரதியின் ஒப்பாரியில் ஒரு அடி எடுத்துப் பாடினார். புருவம் ஏறியது. நெற்றி வரிகள் அத்தனையும் ஒன்றாகக் கூடின. வேலாயியின் சிரிப்பு நின்றது. முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

அவர் கண்ணாடியை மெல்லக் கீழே வைத்தார். "ரதி கல்யாணத்துக்குத்தான் இந்த நெத்தி ஆகாது. ஒப்பாரிக்கு இதை விட்டா வேற ஏது? அம்மா, ஊசி வேணாங்க!"

அடுத்த ரயிலிலேயே திரும்பி, பையைக்கூட வைக்காமல் அழகையா வீட்டுக்குள் நுழைந்தார். "மாமா, மாலை மாத்துற ரதி செல்லமுத்து. மன்மதன் எரிஞ்ச பிறகு வர்ற ரதி நான்!"

"ஒரு ரதிக்கு ரெண்டு ஆளா? காமன் ஏத்துக்குவானா?"

அப்பா வீட்டு அடுப்படியில் இருந்த வீரசிங்கத்தின் சம்சாரம் ஜெயலெட்சுமி கத்தினாள். "எரிஞ்சவன் என்னத்தப்பா கண்டான்! புருசன் செத்தா பொம்பளைக்கு ஒரே ராத்திரியில வயசாகிப் போகும்!"

அழகையா கூத்து நோட்டை எடுத்து ரதிக்கு நேரே ரெண்டு பெயரையும் எழுதினார்.

அந்த மாசியில் காமன் பொட்டலில் மன்மதனாக நட்ட கம்பம் எரிந்து தணிந்தது. பளபளத்த ரதி திரைக்குப் பின்னால் போக, வெள்ளைச் சேலையில், அரிதாரமே பூசாமல் வீரசிங்கம் வந்து நின்று நெற்றியைச் சுருக்கினார். கூட்டம் ஓவென்று அழுதது. தாளம் போட வேண்டிய அழகையாவின் கை நடுவில் நின்றுவிட்டது.

மறுவருசம் காப்புக் கட்டும்போது அழகையாதான் முதலில் கேட்டார். "நெத்தி எப்படி இருக்கு மாப்ள?"

"நல்லா சுருங்கியிருக்கு மாமா!"