மெர்சிங்கில் போட்டியில்லாத படகு

மலேசியாவின் மெர்சிங் படகுத்துறையில் காலை எட்டு மணி. தியோமான் தீவைச் சுற்றிவரும் பாய்மரப் படகுப் பந்தயம் தொடங்கப் போகிறது. அலுவலர் ஒருவர் அறிவிப்புப் பலகையில் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போகிறார். ஒன்றுக்கு மேற்பட்ட உடல் கொண்ட படகுகளுக்கான பிரிவு இந்த ஆண்டு இல்லை. அதில் பதிவு செய்திருப்பது ஒரே ஒரு படகு.

அந்தப் படகு என் முன்னால்தான் நிற்கிறது. வெள்ளை நிறம், அகன்று விரிந்த மூன்று உடல்கள். அதை ஓட்டுபவர் ஜெயந்தி, யோங் பெங் ஊரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். தாளை இரண்டு முறை படிக்கிறார்.

"முன்னெல்லாம் இங்க படகு கட்ட எடமே கெடைக்காது. சிலர் படக வித்துட்டாங்க. சிலருக்குக் கூட வர ஆள் இல்ல. சிங்கப்பூருக்கு வேலைக்குப் போறவங்களுக்கு மூணு நாள் லீவு யாரு கொடுப்பா?"

"அப்ப திரும்பிப் போறீங்களா?" என்று கேட்கிறேன்.

படகில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் கணவரைப் பார்க்கிறார்.

"வருஷம் முழுக்க இதுக்காகத்தான் இருந்தோம். பரிசு இல்லாட்டி என்ன, சுத்திட்டு வரோம்லா."

ஹார்ன் ஒலிக்கிறது. மற்ற படகுகள் தொடக்கக் கோட்டைத் தாண்டிப் போகும்வரை இருவரும் துறையிலேயே காத்திருக்கிறார்கள். பிறகு ஜெயந்தி கயிற்றை அவிழ்த்துவிடச் சொல்கிறார். அவிழ்த்து எறிகிறேன். படகு மெல்ல நகர்கிறது.

படகுகள் புறப்பட்ட நேரத்தைக் குறித்த அலுவலர் அதற்குள் மேசையை மடித்துக்கொண்டிருக்கிறார்.