வெள்ளிக்கிழமைப் பூசை

பஹ்ரைனின் மனாமாவில் வெள்ளிதான் வார விடுமுறை, சர்ச்சில் பூசையும் அன்றுதான். பாடகர் குழுவையும் மூன்று பிள்ளைகளையும் அங்கே கட்டி மேய்த்த எஸ்பெரான்சாவுக்கு அது ரத்தத்தில் ஊறிவிட்டது. ஒருமுறை சொந்த ஊரான கோவாவுக்கு வந்தபோது, வெள்ளியன்று பூப்போட்ட கவுனும் பாட்டுப் புத்தகமுமாகக் கோயிலுக்குப் போனாள். கதவு பூட்டியிருந்தது; சாவி கோயில்பிள்ளையிடம் இருந்தது.

மனாமாவுக்குத் திரும்பியதும் அவளே தோழிகளிடம் சொல்லிச் சிரித்தாள்: "கிழமை தெரியாத கழுதைடி நான்! ஊர்ல பக்தியே செத்துப்போச்சுன்னு கோயில்பிள்ளைய வேற திட்டித் தீத்துட்டேன். அந்த மனுஷன் பேந்தப் பேந்த முழிக்கிறாரு!"

போன மாதம் ஊரிலேயே இறந்தாள். அடக்கப் பூசை வெள்ளிக்கிழமை அமைந்தது. கோயில்பிள்ளை இரண்டு கதவுகளையும் விரியத் திறந்து வைத்திருந்தார்.

கணவர் கயெத்தானோ பெட்டியருகே குனிந்தார்.

"தெறந்துட்டாங்க எஸ்பி. இன்னிக்காவது அவர திட்டாம உள்ள வா."