ஒரு கரண்டி கூடுதல்

என் கல்யாண ஃபோட்டோவில் என் பல் ஊதாவாக இருக்கிறது. இருபது வருடமாக அது எங்கள் கூடத்துச் சுவரில் தொங்குகிறது. வருகிறவர்கள் எல்லாரும் பெண்ணை விட்டுவிட்டு என் வாயைத்தான் பார்க்கிறார்கள். காரணம் என் மச்சான், என் மனைவியின் அண்ணன். கேமரா முன்னால் நிற்கப் போன என்னை இழுத்து, “வெறும் வயித்தோட நிக்காத மாப்பிள்ளை” என்று ஒரு டம்ளர் பெர்ரி ஜூஸை வாயில் கவிழ்த்தவர் அவர். கேட்டால், “உன் பல்லுக்கு என்ன கேடு? வெள்ளை வெளேர்னுதான் இருக்கு. கேமராதான் கோளாறு” என்பார். ஒரு நாளும் ஒப்புக்கொண்டதில்லை.

எங்கள் இருவருக்கும் ஒரே தொழிற்சாலை. பெர்ரிப் பழத்தை வாங்கி ஜூஸாகவும் ஜாமாகவும் ஆக்கி அனுப்புகிற இடம். நான் கீழே பாய்லரோடு மல்லுக்கட்டுகிறவன். மச்சான் மேலே, பெரிய தொட்டிக்குப் பக்கத்தில் நின்று கலர் ஊற்றுகிறவர். எல்லாருக்கும் அவர் ‘ஊதாக்காரர்’தான்.

பழத்துக்கு எதற்குக் கலர் என்று கேட்பீர்கள். பழத்தின் நிறம் தோலில் இருக்கிறது. உடம்புக்கு நல்லது செய்வதும் அந்த நிறம்தானாம். கம்பெனி சுவரெல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள்: ‘நிறமே நலம்’. எழுதிவிட்டு, பழத்தைப் பிழிந்து தோலும் சக்கையுமாகப் பின்பக்கத்து மாட்டுப் பண்ணைக்கு அனுப்பிவிடுவார்கள். மிச்சச் சாற்றை என் பாய்லர் ஆவியில் காய்ச்சுவார்கள். அது துருப்பிடித்த குழாய்த் தண்ணீர் மாதிரி ஆனதும் மச்சானைக் கூப்பிடுவார்கள். அவர் டின்னைத் திறந்து ஒரு கரண்டி ஊற்றினால் போன நலம் திரும்பி வந்துவிடும்.

மச்சான் அதை மனதார நம்பினார். சூட்டில் ஓடிப்போன சத்தைப் படித்தவர்கள் பிடித்து டின்னில் அடைத்துத் தருகிறார்கள் என்பது அவர் கணக்கு. ஜனங்கள் நன்றாக இருக்கட்டும் என்று தினமும் ஒரு கரண்டி கூடுதலாக ஊற்றுவார். வாங்கினவர்களுக்கு நாக்குக் கறை போகவே இல்லை. ‘இதுதான் அசல்’ என்று இன்னும் வாங்கினார்கள். முதலாளி மச்சானுக்குச் சுவர்க் கடிகாரம் பரிசு கொடுத்தார்.

கல்யாணம் ஆகாதவர், எங்கள் பின்னறையில்தான் வாசம். அங்கேயும் தினமும் ஒரு டம்ளர் அதே ஊதா ஜூஸ்தான்.

“அண்ணே, பழக்கறைன்னா சோப்பு பட்டதும் நீலமா மாறும். உன் சட்டையில மாறவே மாட்டேங்குது. நீ குடிக்கிறது பழமில்ல, பெயிண்டு” என்றாள் என் மனைவி, அவர் சட்டையைக் கும்மிக்கொண்டே.

“சோப்புக்கே அசையல பாத்தியா? அதான் சத்து.”

பிறகு அவருக்குக் கண் மங்கியது. வாசற்படி தடுக்கியது. பஸ் நம்பரை என்னைப் படிக்கச் சொன்னார். நான்தான் இழுத்துக்கொண்டு கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

“ரெண்டு கண்ணுலயும் புரை. ஆபரேஷனைத் தள்ளிப் போடாதீங்க. அப்புறம் படி இறங்கவே ஆள் வேண்டியிருக்கும்” என்றார் டாக்டரம்மா.

“நான் தினமும் ஊதா குடிக்கிறேம்மா.”

“குடிங்க. ஆபரேஷன் பண்ணிக்கிட்டுக் குடிங்க.”

வெளியே வந்ததும், “சின்னப் பொண்ணு, அதுக்கு என்ன தெரியும்” என்றார். அன்றிலிருந்து ஒரு டம்ளர் இரண்டானது.

புரை முற்றினால் பழுப்புக் கண்ணாடி வழியாகப் பார்க்கிற மாதிரியாம். நீலமும் ஊதாவும்தான் முதலில் மங்கிப்போகுமாம். தொட்டியை எட்டிப் பார்த்த மச்சானுக்குச் சாறு பழுப்பாகவே தெரிந்திருக்கிறது. ஊற்றினார். இன்னும் பழுப்பு. டின்னையே கவிழ்த்தார். அடுத்த டின்னையும் கவிழ்த்தார்.

கீழே பாட்டிலில் இறங்கியது பேனா மை. சூப்பர்வைசர் மேலே ஓடினார். சத்தம் கேட்டு நானும் ஓடினேன்.

“என்னய்யா பண்ணி வச்சிருக்க?”

“கலரே ஏறலையே சார்!” மச்சான் என் பக்கம் திரும்பினார். “நீ சொல்லு மாப்பிள்ளை. அது என்ன கலரு?”

என் பல்லுக்குப் பழிவாங்க அதைவிட நல்ல சமயம் வாய்க்காது. ஆனால் அவர் கை படிக்கட்டுக் கம்பியைத் தேடித் தடவிக்கொண்டிருந்தது.

“ஊதாதான் மச்சான். கன்னங்கரேல்னு இருக்கு.”

மறுபடி தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். “எனக்குத் தெரியலடா” என்றார்.

“கண்ணைச் சரி பண்ணிட்டு வா. இல்லன்னா வராத” என்று சொல்லிவிட்டு சூப்பர்வைசர் இறங்கிப் போனார். மறுவாரம் மச்சானே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார், பையில் ஒரு ஊதா பாட்டிலோடு.

முதல் கண்ணின் கட்டை அவிழ்த்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். ஜன்னலைப் பார்த்தார். போர்வையைப் பார்த்தார். மேஜைமேல் இருந்த பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இந்தக் கலரையாடா குடிச்சேன்?”

பாட்டிலை வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பழக்க தோஷம், வாயை மூடிப் பல்லை மறைத்துக்கொண்டேன்.

“மாப்பிள்ளை,” என்றார், “சாயங்காலம் வரும்போது அந்தக் கல்யாண ஃபோட்டோவக் கழட்டி எடுத்துட்டு வா.”